பாட்டுக்கு வேலி போடாத வூடி கத்ரி

1930களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கே.எஃப்.வி.டி. வானொலியில், தலை கலைந்த ஒல்லியான இளைஞர் ஒருவர் நாள்தோறும் கிட்டார் மீட்டிப் பாடிக்கொண்டிருந்தார். அவர் பாடிய பாட்டுகளின் வரிகளைக் கேட்டு நேயர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. அவரும் வரிகளைத் தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைலில் படியெடுத்து, சிறு புத்தகமாக்கி அனுப்பி வைத்தார்.

அந்தப் புத்தகத்தில் பதிப்புரிமை பற்றி ஓர் அறிவிப்பும் இருந்தது. பொதுவாக அந்த இடத்தில் எச்சரிக்கைதான் இருக்கும். இவர் எழுதியதோ நேர்மாறு. பாட்டு 28 ஆண்டுகளுக்குப் பதிவாகியிருக்கிறது என்று சட்டப்படி தொடங்கிய அறிவிப்பு, அனுமதி கேட்காமல் பாடுகிறவர் எவரோ அவர் நமக்கு வேண்டிய நண்பர் என்ற பொருளில் வேடிக்கையாக முடிந்தது. அச்சடிப்பதும் பாடுவதும் அவரவர் விருப்பம். எழுத நினைத்தோம், எழுதிவிட்டோம், அதற்கு மேல் எதுவும் இல்லை என்பது அவர் நிலை.

அவர்தான் வூடி கத்ரி. இன்று வீட்டில் கிட்டாரும் கைப்பேசியும் வைத்துக்கொண்டு, சொந்தமாகக் கட்டிய நாட்டுப்புறப் பாட்டையும் புளூஸ் பாட்டையும் இணையத்தில் இலவசமாக ஏற்றிவிடுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இணையம் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, கையில் கிடைத்த காகிதத்தைக் கொண்டு அதையே செய்தவர் வூடி. அப்படிக் கொடுத்ததற்கு விலை இல்லாமல் இல்லை. அதை அவர் மட்டும் செலுத்தவும் இல்லை.

வூட்ரோ வில்சன் கத்ரி என்பது அவருடைய முழுப் பெயர். 1912ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் தேதி, அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் உள்ள ஒக்கீமா எனும் சிற்றூரில் பிறந்தார். அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் நின்ற வூட்ரோ வில்சனின் பெயரையே அப்பா மகனுக்கு வைத்தார். அப்பா சார்லி நிலம் வாங்கி விற்பவர், உள்ளூர் அரசியல்வாதி. அம்மா நோரா பழைய கதைப்பாடல்களை வேலைக்கு நடுவே பாடிக்கொண்டே இருப்பவர். கப்பல் மூழ்கிய கதை, காதலன் கைவிட்ட கதை, கொள்ளைக்காரன் தூக்கில் தொங்கிய கதை எல்லாம் அம்மாவின் குரல் வழியே சிறுவனின் காதில் ஏறின. புளூஸ் அவருக்கு வேறு வழியில் வந்தது. கடை வாசலில் காலணி துடைக்கும் கறுப்பினச் சிறுவன் ஒருவன் மவுத் ஆர்கனில் ரயில் ஓசையை இசைத்ததைக் கேட்டுத்தான் தாமும் அதைக் கற்றதாகப் பின்னாளில் அவர் எழுதினார்.

அந்தக் குடும்பத்தை நெருப்பு துரத்தியது. 1919இல் அக்காள் கிளாரா உடலில் தீப்பற்றி இறந்தாள். 1927இல் அப்பா கடுமையாகத் தீக்காயம் அடைந்தார். அதற்கு முன்பே அம்மாவின் நடத்தை மாறத் தொடங்கியிருந்தது. கை கால் தாமாக ஆடும், காரணமில்லாமல் கோபம் வரும், பிள்ளைகளையே மறந்துவிடுவார். ஊரார் பைத்தியம் என்றார்கள். நோர்மன் நகரில் இருந்த மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 1930இல் அங்கேயே காலமானார். அது பைத்தியமல்ல, ஹண்டிங்டன் எனும் பரம்பரை நோய். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளை ஒவ்வொருவருக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்போது வூடிக்கு அது தெரியாது.

அப்பா டெக்சஸ் மாநிலத்தின் பம்பா நகரில் இருந்த உறவினரிடம் போய்ச் சேர, மகனும் 1929இல் அங்கே போனார். எண்ணெய் கிடைத்ததால் திடீரென முளைத்த ஊர் அது. கடையில் வேலை, விளம்பரப் பலகை எழுதும் வேலை என்று கிடைத்ததைச் செய்தார். சிற்றப்பா ஜெஃப் கிட்டார் சொல்லிக் கொடுத்தார். 1933இல் நண்பரின் தங்கை மேரி ஜென்னிங்ஸை மணந்தார். பின்னர் மூன்று குழந்தைகள் பிறந்தன.

1935ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மழையே காணாத சமவெளியிலிருந்து கறுப்பு மலை போல ஒரு புழுதிப் புயல் எழுந்து வந்தது. பம்பாவில் பொழுது சாயும் நேரத்தில் எதிரில் நிற்பவர் முகம் தெரியவில்லை. உலகம் அழியும் நேரம் வந்துவிட்டது என்று வீட்டுக்குள் கூடி ஒருவருக்கொருவர் விடை சொல்லிக்கொண்டவர்கள் உண்டு. அந்த விடைபெறுதலைத்தான் வூடி பாட்டாக்கினார். அவரது ஆரம்ப காலப் பாடல்களில் இன்றும் பாடப்படுவது அதுதான். உலகமே முடிகிறது என்ற நேரத்திலும் அதில் ஒரு கிண்டல் இருக்கும்.

புழுதியும் பொருளாதார மந்தமும் சேர்ந்து ஆயிரமாயிரம் விவசாயக் குடும்பங்களை ஊரை விட்டுத் துரத்தின. பாத்திரம் பண்டம், பாய் படுக்கை எல்லாவற்றையும் பழைய வண்டியில் ஏற்றிக்கொண்டு, பழம் பறிக்கும் வேலை தேடி கலிபோர்னியாவுக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்கு வரவேற்பு இல்லை. 1936இல் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் மாநில எல்லைக்கே ஆள் அனுப்பி, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பியது. உள்நாட்டுக்குள்ளேயே, தன் குடிமக்களையே! கடந்து போனவர்களுக்கும் தோட்டங்களில் அரைக் கூலிதான். வேலை ஒன்றுக்குப் பத்துப் பேர் நின்றால் முதலாளி சொன்னதே கூலி. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வூடியும் சரக்கு ரயிலில் ஏறியும் வழியில் போகும் வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தியும் அங்கே போய்ச் சேர்ந்தார். 1937இல் வானொலி வாய்ப்பு வந்தது. முதலில் உறவினர் ஜேக் கத்ரியுடன், பிறகு மெக்ஸின் கிறிஸ்மன் எனும் பெண்ணுடன் பாடினார். முகாம்களிலும் கூடாரங்களிலும் கிடந்த தம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் குரல் ஊரிலிருந்து வந்த கடிதம் போல இருந்தது.

அவரைப் புனிதராக்கிப் பேசுவது எளிது, அது உண்மையாகாது. வளர்ந்த ஊரின் இன வெறுப்பு அவரிடமும் ஒட்டியிருந்தது. வூடி பிறப்பதற்கு ஓராண்டு முன்பு, 1911இல், ஒக்கீமா அருகே ஆற்றுப் பாலத்தில் லாரா நெல்சன் எனும் கறுப்பினப் பெண்ணையும் அவர் மகனையும் ஒரு கும்பல் தூக்கிலிட்டது. அந்தப் படம் தபால் அட்டையாக விற்கப்பட்டது. அப்படிப்பட்ட ஊரில் கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் சொல் பிள்ளைகளின் வாயிலும் சாதாரணமாகப் புழங்கியது. 1937இல் வூடி அந்தச் சொல்லை வானொலியிலேயே சொல்லிவிட்டார். நேயரான கறுப்பினக் கல்லூரி மாணவர் ஒருவர் தம் வருத்தத்தைக் கடிதமாக எழுதினார். வூடி அந்தக் கடிதத்தை ஒலிபரப்பிலேயே வாசித்து மன்னிப்புக் கேட்டார். அந்தச் சொல்லையும் விட்டொழித்தார். பின்னாளில் லாரா நெல்சனுக்காகவும் பாட்டு எழுதினார்.

1940ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். வழி நெடுக உணவுக்கடைகளிலும் வானொலிகளிலும் அமெரிக்காவுக்குக் கடவுளின் அருளை வேண்டும் ஒரு தேசபக்திப் பாட்டு விடாமல் ஒலித்தது. பட்டினி வரிசைகளைப் பார்த்து வந்தவருக்கு அது எரிச்சலைக் கிளப்பியது. அந்த மாதம் 23ஆம் தேதி, மலிவான விடுதி அறை ஒன்றில் அமர்ந்து பதில் பாட்டு எழுதினார். இந்த மண் உனக்கும் எனக்கும் உரியது என்ற பொருள் கொண்ட அந்தப் பாட்டுத்தான் பிறகு அமெரிக்கப் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடமாகப் பாடும் பாட்டானது.

பள்ளியில் பாடாத இரண்டு பத்திகள் அதில் உண்டு. ஒன்று, தனியார் நிலம் என்று பலகை மாட்டிய வேலியைப் பற்றியது. மற்றொன்று, நிவாரண உணவுக்கு வரிசையில் நிற்பவர்களைப் பற்றியது. அவர் கையெழுத்துப் படியில் அவை இருக்கின்றன. பாடப் புத்தகத்துக்குப் போன வடிவத்தில் இல்லை. 2009இல் அதிபர் ஒபாமாவின் பதவியேற்பை ஒட்டி, லிங்கன் நினைவகத்தின் முன் முதுபெரும் பாடகர் பீட் சீகர் அந்தப் பாட்டைப் பாடியபோது, அந்தப் பத்திகளையும் சேர்த்தே பாடினார்.

அந்தப் பாட்டின் மெட்டு வூடியின் சொந்த மெட்டல்ல. கார்ட்டர் குடும்பத்தார் எனும் குழு முன்பே இசைத்தட்டில் பாடியிருந்த மெட்டை ஒட்டியது. அவருடைய பாடல்களில் பெரும்பாலானவை அப்படித்தான். தேவாலயப் பாட்டு, பழைய கதைப்பாட்டு, புளூஸ் என்று காதில் விழுந்த மெட்டை எடுத்துக்கொண்டு தம் சொல்லை அதில் ஏற்றுவார். மெட்டு எல்லார்க்கும் பொது, சொல் அந்தந்தக் காலத்துக்கு. பழைய மெட்டில் புதுச் சொல் வைப்பது நம்மவர்களுக்கும் தெரிந்த வேலைதானே. தாம் பொதுக் கிணற்றில் நீர் இறைத்தவர் என்பதை அவர் மறக்கவில்லை. தம் பாட்டைப் பிறர் எடுத்தாலும் தடுக்காததற்கு இதுவே முதல் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே ஆண்டு மார்ச் 3ஆம் தேதி, புலம்பெயர்ந்த பண்ணைத் தொழிலாளர்களுக்கு நிதி திரட்டும் இசை நிகழ்ச்சி ஒன்று நியூயார்க்கில் நடந்தது. நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்துவந்த ஆலன் லோமாக்ஸ் அங்கே வூடியின் பாட்டைக் கேட்டார். அடுத்த சில வாரங்களில் அவரை வாஷிங்டனுக்கு அழைத்துப் போய், நாடாளுமன்ற நூலகத்துக்காக அவர் பாட்டையும் பேச்சையும் மணிக்கணக்கில் பதிவு செய்தார். அப்போது இளைஞராக இருந்த பீட் சீகரும் அந்த நிகழ்ச்சியில்தான் வூடியைச் சந்தித்தார். அவ்வாண்டே ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் வூடியின் புழுதிக் காலப் பாடல்களை இசைத்தட்டுகளாக வெளியிட்டது.

நியூயார்க்கில் அவர் சில காலம் தங்கியது லெட் பெல்லியின் வீட்டில். ஹடி லெட்பெட்டர் என்பது அவரின் இயற்பெயர். லூசியானா சிறைச்சாலையில் கைதியாக இருந்தபோது, 1933இல் ஆலனின் தந்தை ஜோன் லோமாக்ஸ் கண்டெடுத்த கறுப்பினக் கலைஞர். 12 தந்திக் கிட்டாரில் அவர் வாசித்த புளூஸுக்கும் சிறைத் தொழிலாளர் பாட்டுக்கும் ஈடு கிடையாது. வூடி அவரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றார். பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அந்தச் சிறிய வீட்டில் வெறும் பேச்சல்ல. லெட் பெல்லியின் புகழ்பெற்ற தாலாட்டு போன்ற காதல் பாட்டுக்குப் பதிப்புரிமையில் ஜோன் லோமாக்ஸின் பெயரும் சேர்ந்துகொண்டது. 1949ஆம் ஆண்டு டிசம்பரில் லெட் பெல்லி ஏழையாகவே காலமானார். அடுத்த ஆண்டே பீட் சீகரின் வீவர்ஸ் குழு அதே பாட்டைப் பாடி வெளியிட, அது 13 வாரம் நாட்டில் முதலிடத்தில் நின்றது. கட்டியவர் அதைக் காண இல்லை.

தாமே விரும்பிக் கொடுப்பது ஒன்று. கொடுக்கச் சொல்லாமலே எடுத்துக்கொள்ளப்படுவது வேறு. வூடியின் தாராளத்தைப் பேசும்போது லெட் பெல்லியை மறந்துவிடக் கூடாது.

வூடிக்குப் பணம் வராமலும் இல்லை. 1940இன் பிற்பகுதியில் சி.பி.எஸ். வானொலியில் நல்ல சம்பளம். புது வண்டி வாங்கினார். மேரியையும் பிள்ளைகளையும் நியூயார்க்குக்கு வரவழைத்தார். நிகழ்ச்சிக்கு விளம்பரம் தந்த புகையிலை நிறுவனம், என்ன பாடுவது, எதைப் பேசுவது என்று சொல்லத் தொடங்கியது. 1941இன் தொடக்கத்தில் அவர் வேலையை உதறிவிட்டு, குடும்பத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேற்கே கிளம்பிவிட்டார். ரசிகர்கள் இதை வீரமாகச் சொல்வார்கள். முதல்முறையாக நிரந்தர வருமானத்தைப் பார்த்த மேரிக்கு அது எப்படி இருந்திருக்கும்? மூன்று சின்னப் பிள்ளைகளோடு மீண்டும் வாடகைக்கும் பாலுக்கும் கவலைப்படும் வாழ்க்கை. அந்த மணவாழ்க்கை 1943இல் முறிந்தது.

இடையில் ஓர் அரசாங்க வேலை வந்தது. கொலம்பியா ஆற்றில் கட்டப்பட்ட அணைகளின் மின்சாரத்தை மக்களிடம் எடுத்துச்சொல்லும் படம் ஒன்றுக்காக, பொன்வில் மின் நிர்வாகம் 1941ஆம் ஆண்டு மே மாதத்தில் அவரை ஒரு மாதத்துக்கு அமர்த்தியது. ஆற்றங்கரையெங்கும் வண்டியில் சுற்றிக் காட்டினார்கள். ஒரு மாதத்தில் 26 பாட்டு எழுதிக் கொடுத்தார். சம்பளம் 266 டாலர் 66 காசு. கணக்குப் பார்த்தால் பாட்டுக்கு 10 டாலர் சொச்சம். ஆற்றைப் புகழும் பாட்டு ஒன்றுக்கு லெட் பெல்லியின் அந்தக் காதல் பாட்டு மெட்டையே பயன்படுத்தினார். பழம் பறிக்க ஊர் ஊராக அலையும் தொழிலாளர்களைப் பற்றிய பாட்டும் அந்த 26இல் ஒன்று. அவர் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பிறகு நியூயார்க்கில் பீட் சீகர், லீ ஹேஸ் முதலியோருடன் அல்மனாக் சிங்கர்ஸ் குழுவில் சேர்ந்து தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடினார். பாசிசத்தைக் கொல்லும் கருவி இது என்ற பொருளில் தம் கிட்டாரிலேயே எழுதி வைத்திருந்தார். 1943இல் தம் இளமைக் கதையை நூலாக வெளியிட்டார். போர்க்காலத்தில் வணிகக் கப்பலில் சேர்ந்தார். அவர் போன 3 கப்பல்களில் 2 கப்பல்கள் தாக்குதலுக்கு உள்ளாயின, உயிரோடு திரும்பினார். இடையில் 1944இல், மோ ஆஷ் எனும் சிறு இசைத்தட்டு முதலாளியின் பதிவறைக்குள் நுழைந்து, சில நாள்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடிக் குவித்தார். வியாபார நோக்கில் பார்த்தால் அர்த்தமில்லாத வேலை. இன்று நாம் கேட்கும் வூடியின் குரலில் பெரும்பகுதி அந்த நாள்களில் பதிவானது.

நடனக் கலைஞர் மார்ஜரி மாசியாவை 1945இல் மணந்து, கோனி ஐலண்ட் கடற்கரையை ஒட்டிய மெர்மெய்ட் அவென்யூவில் குடியேறினார். மூத்த மகள் கேத்தி மீது அவருக்கு அளவற்ற பிரியம். அவள் பேசும் மழலையைக் கேட்டுக் கேட்டுத்தான் குழந்தைப் பாடல்கள் எழுதினார். 1947ஆம் ஆண்டு பிப்ரவரியில், நான்கு வயது நிறைந்த சில நாள்களில், வானொலிப் பெட்டியின் மின்கம்பியிலிருந்து கிளம்பிய தீயில் கேத்தி இறந்துபோனாள். அக்காள், அப்பா, இப்போது மகள். அதன் பிறகும் ஆர்லோ, ஜோடி, நோரா என்று பிள்ளைகள் பிறந்தார்கள். தந்தை மட்டும் பழைய ஆளாக இல்லை.

தடுமாற்றம், மறதி, கோபம். குடி என்று சிலர் சொன்னார்கள். 1952இல் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள்: அம்மாவின் அதே நோய். மார்ஜரியைப் பிரிந்து, இன்னொரு மணம் செய்து, அதுவும் முறிந்து, 1956 முதல் மருத்துவமனைகளே வீடாயின. முதலில் கையெழுத்து போனது, பிறகு கிட்டார், பிறகு பேச்சு. மணவிலக்குப் பெற்ற பின்னரும் மார்ஜரிதான் கடைசிவரை பார்த்துக்கொண்டார். 1961ஆம் ஆண்டு ஜனவரியில் மினசோட்டாவிலிருந்து 19 வயது இளைஞர் ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். படுக்கையருகே அமர்ந்து வூடியின் பாட்டுகளை வூடிக்கே பாடிக் காட்டினார். வூடிக்காகவும் ஒரு பாட்டு எழுதினார். அதன் மெட்டு வூடியிடமிருந்தே எடுத்தது. அந்த இளைஞர் போப் டிலன். 1967ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி, 55ஆவது வயதில் வூடி காலமானார். அஸ்தியைக் கோனி ஐலண்ட் கடலில் கரைத்தார்கள்.

முதல் மனைவியின் இரு மகள்களும் பின்னர் அதே நோய்க்குப் பலியானார்கள். வூடி இறந்த ஆண்டிலேயே மார்ஜரி, இந்த நோயை எதிர்க்கும் குழு ஒன்றைத் தொடங்கினார். நோய்க்குக் காரணமான மரபணு 1993இல் அடையாளம் காணப்பட்டது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே மார்ஜரி காலமாகியிருந்தார்.

வூடி படுக்கையில் கிடந்த காலத்தில் நண்பர்கள் கூடி அவர் பிள்ளைகளுக்கென அறக்கட்டளை நிதி ஏற்படுத்தினார்கள். 1956இல் அதற்காக இசை நிகழ்ச்சியும் நடத்தினார்கள். பாட்டுகளுக்கு உரிமைத் தொகை வந்தது. அது அந்தக் குடும்பத்துக்குத் தேவையாகவும் இருந்தது. எவரும் பாடலாம் என்று எழுதியவரின் பிள்ளைகள், சிலரிடம் கட்டணம் வாங்கியதால்தான் வளர்ந்தார்கள் என்றும் சொல்லலாம். இதில் எனக்கு முரண் தெரியவில்லை. கூலித் தொழிலாளி தன் வீட்டு வாசலில் பாடுவதும், நிறுவனம் ஒன்று விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்வதும் ஒன்றாகுமா?

ஆனால் உரிமை கொண்டாடும் கை எங்கே நிறுத்த வேண்டும் என்பதில் சிக்கல் வந்தது. 2004ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலின்போது, ஜிப்ஜாப் எனும் சிறு நிறுவனம் புஷ், கெர்ரி இருவரையும் கேலி செய்து, வூடியின் அந்த மண் பாட்டு மெட்டில் கேலிப்படம் ஒன்றை இணையத்தில் வெளியிட்டது. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். பாட்டின் உரிமை தன்னிடம் இருப்பதாகச் சொன்ன லட்லோ எனும் பதிப்பகம் வழக்குத் தொடுப்பதாக எச்சரித்தது. தேடிப் பார்த்ததில், 1945லேயே வூடி அந்தப் பாட்டைச் சேர்த்து ஒரு சைக்ளோஸ்டைல் பாட்டுப் புத்தகம் வெளியிட்டு, 25 காசுக்கு விற்றிருந்தது தெரிய வந்தது. தொடக்கத்தில் சொன்ன 28 ஆண்டுக் கணக்கு இங்கேதான் திரும்பி வருகிறது. அன்றைய சட்டப்படி 28 ஆண்டு முடிந்ததும் உரிமையைப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் புத்தகத்திலிருந்து கணக்கிட்டால் 1973இல் புதுப்பித்திருக்க வேண்டும். செய்யவில்லை என்பது எதிர்த்தரப்பின் வாதம். தீர்ப்புக்குப் போகாமல் இரு தரப்பும் சமாதானமாயின. 2016இல் இசைக்குழு ஒன்று அதே கேள்வியை மீண்டும் நீதிமன்றத்துக்குக் கொண்டு போனது. அவர்கள் மீது வழக்குப் போட மாட்டோம் என்று பதிப்பகம் உறுதி கொடுத்துவிட்டதால், நீதிமன்றம் 2020இல் வழக்கை முடித்துவைத்தது. பாட்டு யாருக்கு என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

வூடி விட்டுச் சென்ற பாட்டு வரிகள் சுமார் 3,000. பெரும்பாலானவற்றுக்கு மெட்டு கிடையாது. அவர் இசைக்குறிப்பு எழுதுகிறவர் அல்லர். மெட்டெல்லாம் தலைக்குள்ளேயே இருந்து அவரோடு போய்விட்டன. இளைய மகள் நோரா அந்தக் காகிதங்களைத் திரட்டிக் காத்தார். பூட்டி வைக்காமல், பிற பாடகர்களை அழைத்துப் புது மெட்டுப் போடச் சொன்னார். பிரிட்டிஷ் பாடகர் பில்லி பிராக்கும் வில்கோ குழுவும் சேர்ந்து 1998இல் வெளியிட்ட தொகுப்பு அப்படி வந்தது. அதற்கு வைத்த பெயர் பழைய வீடு இருந்த தெருவின் பெயர்: மெர்மெய்ட் அவென்யூ. கம்யூனிஸ்டு என்று அவரை நெடுங்காலம் ஒதுக்கி வைத்த ஒக்கீமாவிலும், அதே ஆண்டு முதல் அவர் பெயரில் இசை விழா நடக்கிறது.

மெட்டில்லாமல் கிடந்த காகிதங்களில் ஒன்றின் கதையை மட்டும் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி, கலிபோர்னியாவின் லோஸ் கேட்டோஸ் பள்ளத்தாக்கில் விமானம் ஒன்று எரிந்து விழுந்தது. இறந்தவர்கள் 32 பேர். அவர்களில் 28 பேர் பழத்தோட்டங்களில் உழைத்துவிட்டு மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். விமானி, பணிப்பெண் முதலானோரின் பெயர்கள் செய்தியில் வந்தன. மற்றவர்கள் நாடு கடத்தப்பட்டவர்கள் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள். நியூயார்க்கிலிருந்து அந்தச் செய்தியை அறிந்த வூடிக்கு அது பொறுக்கவில்லை. நம் பழத்தைப் பறித்தவனுக்குப் பெயர் கூடவா இல்லை என்ற கோபத்தில் ஒரு கவிதை எழுதினார். அதில் சில பெயர்களைத் தாமே வைத்தார்.

ஏறக்குறைய பத்தாண்டு கழித்து, மார்ட்டின் ஹோஃப்மன் எனும் பள்ளி ஆசிரியர் அதற்கு மெட்டமைத்தார். பீட் சீகர் பாடினார். அவரிடமிருந்து பிறர் கற்றார்கள். வாய்க்கு வாய் நாடெங்கும் பரவியது. அந்தப் பாட்டு எழுப்பிய கேள்வியைப் பின்தொடர்ந்து, டிம் ஹெர்னாண்டஸ் எனும் எழுத்தாளர் அந்த 28 பேரின் உண்மைப் பெயர்களைத் தேடிப் புறப்பட்டார். பிரெஸ்னோ நகர இடுகாட்டில் எல்லாரையும் ஒரே குழியில் புதைத்திருந்தார்கள். 2013ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி, அமெரிக்கத் தொழிலாளர் தினத்தன்று, அங்கே புதுக் கல் ஒன்று நாட்டப்பட்டது. 28 பெயர்களும் அதில் இருக்கின்றன.